ஃபுல் மெட்டல் ஜாக்கெட்: இரண்டாம் பாதி மேல் ஏன் இத்தனை கோபம்?

ஸ்டான்லி க்யூப்ரிக் இயக்கிய வியட்நாம் போர்ப் படமான ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ (1987) பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: முதல் பாதி அபாரம், இரண்டாம் பாதி படுத்துவிட்டது. படம் வந்தபோது அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார். படத்துக்கு ஒரு வடிவமே இல்லை என்பது அவர் வைத்த குறை. இந்தத் தீர்ப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் முதல் பாதியில் சொல்லிக்கொடுத்த பாடங்கள் இரண்டாம் பாதியில் எங்கே திரும்பி வருகின்றன என்று கவனித்தால் கோபம் பெருமளவு தணிந்துவிடும். கதையின் முடிவுவரை எழுதியிருக்கிறேன், இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

116 நிமிடப் படத்தில் முதல் முக்கால் மணி நேரம் தெற்கு கரோலினாவின் பாரிஸ் ஐலண்ட், அமெரிக்க மரீன் படையின் பயிற்சி முகாம். இந்தப் பகுதியைத் தாங்கி நிற்பவர் ஆர். லீ எர்மி. அவர் நிஜமாகவே மரீன் படையில் டிரில் இன்ஸ்ட்ரக்டராக (புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தருபவராக) இருந்தவர், வியட்நாமிலும் பணியாற்றியவர். ஆலோசகராகத்தான் படத்துக்குள் வந்தார். வேறொருவருக்குப் போயிருந்த, முகாமின் இன்ஸ்ட்ரக்டர் ஹார்ட்மன் வேடம், அவர் வாய் ஓயாமல் வசவுகளைக் கொட்டிய ஒளிப்பதிவைப் பார்த்தபிறகு கைமாறியது. வசனத்தில் பெரும்பங்கு அவருடைய சொந்தச் சரக்கு. பழைய மரீன்கள் அந்தக் குரலையும் நடையையும் அச்சு அசல் என்கிறார்கள். ஆனால் இரண்டு இடங்களில் அவர்கள் திருத்தம் சொல்வார்கள். சேர்ந்து பயிற்சி பெறும் ஒரு குழுவுக்கு, அதாவது பிளட்டூனுக்கு, ஒரே இன்ஸ்ட்ரக்டர் இருப்பதில்லை, வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த ரிக்ரூட்டைக் கைநீட்டி அடிப்பது அந்தக் காலத்திலேயே விதிக்கு எதிரானது. 1956 ஏப்ரலில் இதே முகாமில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் இரவில் தன் பிளட்டூனை ரிப்பன் க்ரீக் ஓடைக்குள் நடத்திச் சென்று ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். கட்டுப்பாடுகள் இறுகியது அதன் பிறகுதான். ஆனாலும் மறைவில் அடி விழுந்துகொண்டுதான் இருந்தது.

முகாமில் எதையும் சரியாகச் செய்ய வராமல் திணறும் ரிக்ரூட் லெனர்ட். ‘லெனர்ட் மாதிரி ஒருவனை எப்படிப் படையில் சேர்த்தார்கள்?’ என்பது பார்ப்பவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி. அதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1966இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா ‘ப்ராஜெக்ட் 100,000’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அறிவுத்திறன் தேர்விலும் உடல்தகுதியிலும் முன்பு நிராகரிக்கப்பட்டிருக்கக்கூடிய 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியே சீருடை போட்டார்கள். லெனர்ட் அந்தத் திட்டத்தில் வந்தவன் என்று படம் சொல்லவில்லை, ஆனால் அப்படியொருவன் அந்த ஆண்டுகளில் அங்கே நின்றிருப்பதில் வியப்பில்லை.

ஹார்ட்மன் கையாளும் முறையைப் படிப்படியாகப் பாருங்கள். முதலில் லெனர்டை நேரடியாகத் திட்டுகிறார், பலிக்கவில்லை. பிறகு ஜோக்கர் என்ற சக ரிக்ரூட்டிடம் ஒப்படைக்கிறார். ஷூ லேஸ் கட்டுவது, படுக்கை விரிப்பது, துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவது என்று ஜோக்கர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க, லெனர்ட் தேறுகிறான். சரியாகக் கற்றுக்கொடுத்தால் அவனுக்கு வரும் என்பதற்குப் படத்திலேயே இருக்கும் சாட்சி இதுதான். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. அப்புறம் பூட்டாத பெட்டியில் ஒரு ஜெல்லி டோனட் சிக்குகிறது. அன்றிலிருந்து லெனர்ட் தப்பு செய்தால் மற்ற அத்தனை பேருக்கும் தண்டனை. அதன் விளைவு அந்த இரவு: துண்டில் சுற்றிய சோப்புக் கட்டியால் வரிசையாக அடிக்கிறார்கள். தயங்கி நின்ற ஜோக்கர், அடிக்கத் தொடங்கியதும் மற்றவர்களைவிட அதிகமாகவே அடிக்கிறான்.

இதற்குப்பின் லெனர்ட் தன் துப்பாக்கியோடு பேச ஆரம்பிக்கிறான். ‘ஹார்ட்மனுக்கு இதுகூடத் தெரியவில்லையா?’ என்று கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். துப்பாக்கிக்குப் பெண்பெயர் வை, அதோடு படு என்று சொன்னதே அவர்தான். அவர் கண்ணுக்கு அது நோயாகத் தெரியாது, கீழ்ப்படிதலாகத்தான் தெரியும். அதே சமயத்தில் லெனர்ட் குறிபார்த்துச் சுடுவதிலும் தேறிவிடுகிறான், பாராட்டும் கிடைக்கிறது. இவன் மனநிலை சரியில்லை என்று ஜோக்கர் சந்தேகப்படுகிறான், கவ்பாய் என்ற இன்னொரு ரிக்ரூட்டிடம் சொல்கிறான். இருவரும் மேலே யாரிடமும் போய்ச் சொல்வதில்லை.

முகாமின் கடைசி இரவில் லெனர்ட் கழிவறையில் ஹார்ட்மனைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். அந்த நிஜத் தோட்டா எப்படிக் கழிவறைக்கு வந்தது என்பது நியாயமான ஆட்சேபம். சுடுதளத்திலிருந்து கிளம்பும் முன் தோட்டாவும் காலிக் கூடும் யாரிடமும் தங்கவில்லை என்று சோதிப்பது வழக்கம். லெனர்ட் எப்படி ஒளித்தான் என்பதைப் படம் காட்டவே இல்லை. எனக்கு அது திரைக்கதையின் ஓட்டையாகத்தான் படுகிறது, நடிப்பின் வலுவில் அந்த நேரத்தில் தெரியாமல் போய்விடுகிறது. லெனர்டாக நடித்த வின்சென்ட் டி’ஓனோஃப்ரியோ இந்த வேடத்துக்காக ஏறிய எடை சுமார் 32 கிலோ.

இனி இரண்டாம் பாதி. ஹார்ட்மன் செத்ததும் படத்தின் தாளமே போய்விடுகிறது, இது உண்மை. முகாமில் அனுமதியில்லாமல் ஒருவனும் வாய் திறக்க முடியாது. அடுத்து கதை போகும் வியட்நாமின் டா நாங் நகரத்தில் எல்லாரும் சளசளவென்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஜோக்கர் நிருபராக வேலை செய்யும் ராணுவப் பத்திரிகை அலுவலகக் காட்சிகள் எனக்கும் தொய்வாகத்தான் இருக்கின்றன.

ஆனால் ‘வியட்நாம் மாதிரியே இல்லை, மேகமூட்டமாக லண்டன்போல் இருக்கிறது’ என்ற குறையை மட்டும் ஏற்க மாட்டேன். படம் பிடித்தது இங்கிலாந்தில்தான். கிழக்கு லண்டனின் பெக்டன் எரிவாயு ஆலையை உடைத்து, பனைமரங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டு, ஹுவே நகரமாக்கினார்கள். காட்டுவது, 1968இல் வட வியட்நாம் தரப்பு நடத்திய டெட் தாக்குதலின் ஹுவே சண்டை. அது ஜனவரி இறுதியில் தொடங்கி ஒரு மாதத்துக்குமேல் நீடித்த தெருச்சண்டை. அப்போது அங்கே குளிர், தூறல், தாழ்ந்த மேகம். விமானத் தாக்குதலுக்கே அது இடைஞ்சலாக இருந்தது. காடும் வெயிலும்தான் வியட்நாம் என்பது மற்ற படங்கள் நமக்குப் பழக்கிய பிம்பம்.

ஹுவேயில் என்ன நடக்கிறது? ஜோக்கர் போய்ச் சேரும் கவ்பாயின் படைப்பிரிவில் லெஃப்டினன்ட் சாகிறார். பொறுப்பேற்ற கிரேஸி ஏர்ல் பொம்மை முயலில் வைத்த கண்ணிவெடியில் போகிறான். அடுத்து பொறுப்புக்கு வருவது கவ்பாய். படை வழிதவறுகிறது, அவன் திசையை மாற்றச் சொல்கிறான், மறைந்திருந்து சுடும் ஒரு ஸ்னைப்பரின் குறிக்குள் போய் நிற்கிறார்கள். அந்த ஸ்னைப்பர் எய்ட்பால் என்ற வீரனை உடனே கொல்வதில்லை. கை, கால் என்று சுட்டு, காப்பாற்ற வருகிறவர்களை வெளியே இழுக்கிறது. பின்வாங்கச் சொல்லும் கவ்பாயின் பேச்சை அனிமல் மதர் என்ற வீரன் கேட்பதில்லை. எட்டு வாரம் அடித்துப் பழக்கிய கீழ்ப்படிதல் முதல் நெருக்கடியிலேயே உடைகிறது.

முகாமில் ஹார்ட்மன் எடுத்த ஒரு பாடத்தை இங்கே நினைவுக்குக் கொண்டுவாருங்கள். டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து சுட்ட சார்லஸ் விட்மன், கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட், இருவரும் சுடக் கற்றது மரீன் படையில் என்று பெருமையாகச் சொல்வார். உறுதியுள்ள ஒரு மரீனும் அவன் துப்பாக்கியும் என்ன செய்யமுடியும் என்பதற்கு அதுதான் அவர் காட்டும் உதாரணம். ஹுவேயில் அந்தப் பாடத்தைக் கச்சிதமாகச் செய்துகாட்டுவது எதிரணியின் ஒரு சிறுபெண். பாடம் படித்த ஜோக்கர் அவளை நெருங்கும்போது அவன் துப்பாக்கி அடைத்துக்கொள்கிறது. கடைசியில் கைத்துப்பாக்கியால், அவளே கெஞ்சிக் கேட்டபிறகு சுடுகிறான். இந்த இணைப்பு கண்ணில் பட்டால் இரண்டு பாதிகளும் தனித்தனிப் படமாகத் தெரியாது.

வியட்நாமியப் பெண்கள் பாலியல் தொழிலாளியாகவோ ஸ்னைப்பராகவோ மட்டுமே வருகிறார்கள் என்ற விமர்சனத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. படம் காட்டும் இனவெறி அந்தப் படைவீரர்களுடையது என்று சொல்லலாம். ஆனால் எதிர்த்தரப்புக்கு ஒரு முகம் கிடைப்பது கடைசிச் சில நிமிடங்களில்தான்.

மறுபடி பார்ப்பவர்கள் பழைய சதுரச் சட்டக டிவிடியை விட்டுவிட்டு 4கே பதிப்பைத் தேடுங்கள். திரையரங்கில் பார்த்த அகலச் சட்டகம் அதில் இருக்கிறது. முகாமின் நீளமான பாரக், இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் ரிக்ரூட்கள், நடுவே ஹார்ட்மன் என்ற அமைப்பு அதில்தான் சரியாக உட்காரும்.