ஆறு பேர் மேசையில் செக்-ரெய்ஸ்: எப்போது, எத்தனை முறை?

ஆறு பேர் அமரும் நோ-லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத போக்கர் சீட்டாட்டம்) மேசையில் செக்-ரெய்ஸை (முதலில் பந்தயம் கட்டாமல் ‘செக்’ செய்து, எதிராளி கட்டியதும் அதை உயர்த்துவதை) எவ்வளவு அடிக்கடி செய்வது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, சில மாதங்களாக ஆடியும் ஆடியதைக் குறித்துவைத்தும் வருகிறேன். எங்கள் குழுவில் பணம் வைத்து ஆடுவதில்லை. ஆயினும் சில்லுக் கணக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் தொடர்ந்து எழுதப்படுவதால், ஒவ்வொருவரும் தம் சில்லுகளைக் காப்பதில் கருத்தாகவே இருக்கிறார்கள். நான் ஆராய எடுத்துக்கொண்ட நிலை இது: பட்டனில் (ஃபிளாப் முதல் கடைசியாக ஆடும் இடத்தில்) இருப்பவர் 2.5 பிக் பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கட்டும் தொகை; ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி) ரெய்ஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்ட் விலகுகிறார், பிக் பிளைண்டில் இருக்கும் நான் கால் செய்கிறேன், அதாவது அதே தொகையைக் கட்டித் தொடர்கிறேன். ஆள் குறைந்த மேசையில் அடிக்கடி அமைவது இதுதான். பட்டன்காரர் தமக்கு வரும் கைகளில் ஏறத்தாழ பாதியைக்கூட ஆட வருவார் என்பதால், ஃபிளாப்பில் (நடுவில் முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டுகளில்) அவர் கட்டும் சிறிய பந்தயத்துக்குப் பின்னால் வலுவற்ற கைகள் நிறையவே இருக்கும்.

முதலில் கணக்கு. ஃபிளாப் விரியும்போது நடுவில் 5.5 பிக் பிளைண்ட் இருக்கிறது. அவர் மூன்றில் ஒரு பங்காக 1.8 கட்டுகிறார், நான் 6.5 ஆக உயர்த்துகிறேன். 7.3-ஐ வெல்வதற்காக 6.5-ஐப் பணயம் வைக்கிறேன் என்பதால், என் கையில் எதுவுமே இல்லாவிட்டாலும் அவர் 47 விழுக்காடு தடவை விலகினால் எனக்கு நட்டமில்லை. அதே இடத்தில் அவர் முக்கால் பங்காக 4.1 கட்டி, நான் 13 ஆக உயர்த்தினால், தேவைப்படும் விலகல் 57 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அதோடு, பெரிதாகக் கட்டுபவரின் கைகள் பொதுவாக வலுவாகவும் இருக்கும். எனவே ‘எத்தனை முறை’ என்பதற்கு ஒரே விடை கிடையாது. அவர் கட்டும் தொகைதான் அதை முதலில் முடிவு செய்கிறது. பந்தய அளவு வரையறுக்கப்பட்ட லிமிட் ஆட்டத்தில் பழகியவர்கள் இதை விடவும் மிகுதியாகச் செக்-ரெய்ஸ் செய்வதன் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அங்கே நடுவில் 4.5 சிறு பந்தயங்கள் இருக்க, எதிராளி ஒன்று கட்டுவார், நாம் இரண்டாக உயர்த்துவோம், 5.5-ஐ வெல்ல 2 மட்டுமே பணயம் என்பதால் 27 விழுக்காடு விலகலே போதும். அந்தப் பழக்கத்தை அப்படியே நோ-லிமிட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

அடுத்து ஃபிளாப்பின் தன்மை. பிக் பிளைண்டில் நான் மறு ரெய்ஸ் செய்யாமல் கால் மட்டும் செய்ததால், என்னிடம் ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது பட்டன்காரருக்குத் தெரியும். ஏஸ்-ராஜா-6 போன்ற ஃபிளாப்பில் நான் உயர்த்தினால் நம்பத்தக்க கைகள் எனக்குச் சிலவே. 8-6-3 போன்ற தாழ்ந்த, நெருங்கிய ஃபிளாப்பில் நிலைமை மாறுகிறது. ஸ்பேடு 8, டயமண்ட் 6, ஹார்ட்டின் 3 என்று விரிந்ததாகக் கொண்டு, என் கைகளைத் தாளில் எண்ணிப் பார்த்தேன். மூன்று செட்டுகளுக்கும் (கையிலுள்ள ஜோடியோடு ஃபிளாப்பின் ஒரு சீட்டும் சேர்ந்து ஒரே எண் மூன்று) சேர்த்து 9 வகை, ஒரே இனத்து 8-6 இரண்டு வகை, ஒரே இனத்து ஏஸ்-8 மூன்று வகை: ஆக வலுவான கைகள் 14. பிளஃபுக்கு (வலுவில்லாமலே எதிராளியை விலகச் செய்ய உயர்த்துவதற்கு), இரு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவாக (எந்த முனையில் ஒரு சீட்டு வந்தாலும் ஐந்து தொடர் சீட்டுகள் அமையும் கையாக) ஒரே இனத்து 9-7, 7-5, 5-4 ஒவ்வொன்றிலும் நான்கு: ஆக 12. ஏஸ்-8 என்ற வெறும் ஒரு ஜோடியை வலுவான கைகளோடு சேர்த்திருப்பது ஒன்பது பேர் மேசையில் ஆடுபவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பட்டனின் அகன்ற கைகளுக்கும் சிறிய பந்தயத்துக்கும் எதிரே அது மதிப்புக்காக உயர்த்தத் தகுந்த கைதான். முதல் இடத்திலிருந்து ரெய்ஸ் செய்தவருக்கு எதிரே நான் அதை உயர்த்துவதில்லை.

சிறிய பந்தயத்துக்கு எதிரே என் செக்-ரெய்ஸை மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். 8-6-3 போன்றவற்றில் அதற்கு மேலும், ராஜா-7-2 போன்ற டிரா இல்லாத ஃபிளாப்பில் அதற்குக் கீழும் போகிறேன்.

ஆனால் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஃபிளாப் அன்று, டர்ன் (நான்காம் பொதுச் சீட்டு). செக்-ரெய்ஸ் செய்துவிட்டு, அவர் கால் செய்ததும் டர்னில் கைகட்டிக்கொள்பவரை எதிராளிகள் விரைவிலேயே கண்டுகொள்கிறார்கள். எனவே, டர்னில் பல சீட்டுகள் உதவக்கூடிய கைகளையே பிளஃபுக்குத் தேர்ந்தெடுக்கிறேன். ஓர் ஆட்டத்தில் மேற்சொன்ன அதே ஃபிளாப்பில் என்னிடம் ஹார்ட்டின் 9-7 இருந்தது. 6.5 ஆக உயர்த்தினேன். அவர் கால் செய்ய, நடுவில் 18.5 ஆயிற்று. டர்னில் ஹார்ட்டின் ராஜா. ராஜா அவர் கைகளுக்கே பெரிதும் பொருந்தும் சீட்டு. ஆனால் எனக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கு எட்டும் ஃபிளஷுக்கு (ஒரே இனத்து ஐந்து சீட்டுகளுக்கு) ஒன்பதும், பொதுவான இரண்டைக் கழித்து, 46-இல் 15 சீட்டுகள் உதவும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு கையில் இருந்ததால் 13 கட்டினேன்; அவர் மறுபடி கால் செய்தார். ரிவரில் (ஐந்தாவதான கடைசிப் பொதுச் சீட்டில்) கிளாவர் 2. நான் செக் செய்தேன், அவரும் செக் செய்து ராஜா-10-ஐக் காட்டினார். ரிவரில் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு: அவர் விலகியிருக்கக்கூடியவை கைகூடாத ஹார்ட்டின் டிராக்களும் 9-7 போன்ற கைகளும்தான், அவற்றுக்கு வேண்டிய சீட்டுகளில் இரண்டு என் கையிலேயே இருந்தன, அதனால் அவரிடம் கூடிவந்த கை இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. 22 பிக் பிளைண்ட் போயிற்று. இருந்தும் அந்தக் கையை மறுபடியும் அதே போலவே ஆடுவேன்.

எதிராளியைப் பொறுத்த மாற்றங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஃபிளாப்பில் எந்த ஜோடியையும் விடாதவரிடம் பிளஃபுகளை அறவே நீக்கிவிட்டு, மேல் ஜோடிகளைக் கூடுதலாக உயர்த்துகிறேன். இன்னொருவர், நான் அடிக்கடி உயர்த்துவதைக் கவனித்து, தாழ்ந்த ஃபிளாப்புகளில் பந்தயம் கட்டாமல் தாமும் செக் செய்து டர்னை இலவசமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அவரிடம் செட்டைச் செக் செய்து காத்திருப்பது வீண் என்பதால், நானே முதலில் கட்டிப் பார்க்கிறேன். பிக் பிளைண்டிலிருந்து இப்படி முந்திக் கட்டுவதைப் பலர் கற்றுக்குட்டியின் ஆட்டம் என்றே ஒதுக்குவார்கள். ஆனால் 2019-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றபோது, அவர்களைக் காட்டிலும் மிகுதியாக இதைச் செய்தது. 7-6-5, 6-5-4 போன்ற ஃபிளாப்புகளில் மட்டும், மூன்றில் ஒரு பங்கு அளவில், இப்போது இதைச் செய்துவருகிறேன். அந்த எதிராளி பழையபடி பந்தயம் கட்டத் தொடங்கினால் செக்-ரெய்ஸுக்குத் திரும்புவேன்.