டைரக்டரை விடுங்கள், அசோசியேட்டைப் பிடியுங்கள்

"அக்கா, அசிஸ்டென்ட் டைரக்டரா சேரணும், யாரைப் பாக்கணும்?" தினமும் யாராவது ஒருவர் இன்ஸ்டாவில் இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தவள், குடும்பத்தில் சினிமாக்காரர் ஒருவரும் கிடையாது, இப்போது டைரக்‌ஷன் டிபார்ட்மென்ட்டில் அசோசியேட், அதாவது அசிஸ்டென்ட்டுகளுக்கு மேலே, கோ-டைரக்டருக்குக் கீழே. சொல்லப்போவதெல்லாம் சென்னைக்கு மட்டும்தான். ஹைதராபாத், கொச்சி எல்லாம் வேறு கணக்கு.

வருகிற எல்லோரும் டைரக்டர் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறார்கள். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட கதை, வாட்ச்மேனிடம் ஒரு சிரிப்பு, "சார் டிஸ்கஷன்ல இருக்கார்" என்ற பதில். நிற்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் புதிதாகச் சேரும் கடைசி அசிஸ்டென்ட் யார் என்பதைப் பெரும்பாலும் டைரக்டர் முடிவு செய்வதில்லை, கோ-டைரக்டரோ அசோசியேட்டோதான் ஆள் பிடிக்கிறார்கள். அது எப்போது நடக்கும் தெரியுமா? இருக்கிற ஒருத்தன் தனக்குப் படம் கிடைத்தது என்று கிளம்பிவிடுவான், இன்னொருத்தனை வீட்டில் கல்யாணம் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், ஒருத்தி இந்தப் பொழப்பே வேண்டாம் என்று ஐடி கம்பெனிக்குப் போய்விடுவாள், நாளை மறுநாள் ஷெட்யூல் ஆரம்பம். அந்த நேரத்தில் யாரும் மெயிலைத் திறந்து ரெஸ்யூமே தேட மாட்டார்கள். "யாராவது பசங்க இருக்காங்களாடா?" என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவனுக்கு உங்கள் பேர் ஞாபகம் வரணும், அவ்வளவுதான். நெட்வொர்க்கிங் என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான்.

பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், அவரிடமிருந்து பார்த்திபன், பாண்டியராஜன்; பாலுமகேந்திராவிடமிருந்து பாலா, வெற்றிமாறன், ராம்; ராமிடமிருந்து மாரி செல்வராஜ் என்று இந்த வம்சாவளியை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், ஒப்பித்துவிட்டு நானும் பெரிய டைரக்டரிடம்தான் சேருவேன் என்று உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு இந்த மேலிருந்து கீழே வரும் கோட்டை விட, பக்கவாட்டில் போகும் கோடுதான் முக்கியமாகப் படுகிறது. அமீரும் சசிகுமாரும் பாலாவிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள். அமீர் இயக்குநரானதும் சசிகுமார் அவரோடு வேலை பார்த்தார், சமுத்திரக்கனியும் பிறகு அமீரோடு வேலை பார்த்தார். 2008-ல் சசிகுமார் இயக்கிய முதல் படத்தில் சமுத்திரக்கனிக்கு முக்கியமான வேடம், அடுத்த வருஷமே சமுத்திரக்கனி இயக்கிய படத்தில் சசிகுமார் ஹீரோ. ஆக உங்களோடு ஒரே தட்டில் லெமன் சாதம் சாப்பிடுகிற சக அசிஸ்டென்ட்தான் உங்கள் நெட்வொர்க். அவனைப் போட்டியாளனாகப் பார்த்தால் நஷ்டம் உங்களுக்கு.

சரி, அவர்களை எங்கே பார்ப்பது? வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம். கோடம்பாக்கம் என்பது இப்போது பேருக்குத்தான். விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் மாலும் நிற்கின்றன. ஆனால் ஆபீஸ்கள், எடிட் ரூம்கள், டப்பிங் தியேட்டர்கள், கேமரா வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாம் இன்னும் இந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் நிறைய. வாடகை குறைவு என்று தாம்பரத்துக்கு அப்பால் ரூம் எடுக்காதீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு "வர முடியுமா?" என்று ஒரு போன் வந்தால் அரை மணி நேரத்தில் போய் நிற்கும் தூரத்தில் இருக்கணும். டீக்கடையில் பழக்கம் பிடிப்பதெல்லாம் பையன்களுக்குச் சுலபம். எங்களுக்கு அப்படி இல்லை, நான் ஆட்களைப் பார்த்தது பெரும்பாலும் ஸ்கிரீனிங்குகளில். நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கோத்தே இன்ஸ்டிட்யூட் என்று பிரெஞ்சு, ஜெர்மன் கலாச்சார மையங்கள் உண்டு, இரண்டிலும் படம் போடுவார்கள். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, 2003-லிருந்து நடக்கிறது. படத்தை விட க்யூவில் நிற்கும்போதுதான் அதிகம் பேச முடியும். அங்கே போய்க் கதை சொல்லாதீர்கள் தயவுசெய்து. "நீங்க இப்ப எதுல ஒர்க் பண்றீங்க, உங்க டீம்ல ஆள் தேவைப்பட்டா சொல்லுங்க, நான் டைப்பிங் பண்ணுவேன்" என்று சொன்னால் போதும்.

டைப்பிங் என்று சொன்னேன் இல்லையா, சிரிக்காதீர்கள். யூனிகோடில் வேகமாகத் தமிழ் டைப் பண்ணத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் தனி மரியாதை. வசனம் கையெழுத்தில் இருக்கும், இல்லையென்றால் டைரக்டர் காரில் போகும்போது அனுப்பிய வாய்ஸ் நோட்டாக இருக்கும், அதை ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் காலையில் பிரின்ட் எடுத்துக் கொடுக்கணும். அப்புறம் எக்செல், ஷெட்யூல் போடுவதற்கு. கொஞ்சம் எடிட்டிங். கடைசியாக "வண்டி இருக்கா?" இது கேட்காத ஆபீஸ் இல்லை. ஷூட்டிங் செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில் இருக்கும், இல்லை ஈசிஆரில் ஏதாவது பங்களாவில் இருக்கும், காலை ஆறு மணி கால்ஷீட்டுக்கு மெட்ரோவை நம்பிப் போக முடியாது.

வாட்ஸப்பில் மெசேஜ் அனுப்புவதாக இருந்தால் "ஹாய் சார்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பேர், ஊர், என்ன படித்தீர்கள், என்ன வேலை தெரியும், எந்தத் தேதியிலிருந்து ஃப்ரீ, வண்டி உண்டா, ஷார்ட் ஃபிலிம் எடுத்திருந்தால் ஒரே ஒரு லிங்க். ஆறு வரி. "சினிமா என் உயிர்" என்பதை எழுத வேண்டாம், இங்கே எல்லோருக்கும் அதுதான் உயிர்.

வேலை கிடைத்துவிட்டால் முதலில் கையில் வருவது கிளாப் போர்டு. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். சீன், ஷாட், டேக் நம்பரைத் தெளிவாகச் சொல்லணும், அடிக்கணும், ஃபிரேமை விட்டுச் சத்தமில்லாமல் விலகி அசையாமல் நிற்கணும். க்ளோஸப்பில் நடிகையின் மூக்குக்குப் பக்கத்தில் படீரென்று அடித்தால் அவர் பிடித்து வைத்திருந்த அழுகை போய்விடும், அங்கே மெல்லத் தட்டினாலே போதும். ஆரம்பத்தில் அடிக்க முடியாத ஷாட் என்றால் கடைசியில் போர்டைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கணும், எடிட் ரூமில் அதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். கூடவே கன்டினியூட்டி: சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடித்திருந்தார், துப்பட்டா எந்தத் தோளில் இருந்தது, கிளாஸில் டீ எவ்வளவு மிச்சம். வாசல் வரை வளசரவாக்கத்தில் எடுத்துவிட்டு வீட்டுக்குள்ளே வருவதைக் காரைக்குடியில் எடுப்போம், இடையில் வாரக்கணக்கில் இடைவெளி விழும். போனில் போட்டோ எடுத்து சீன் வாரியாகப் பிரித்து வைக்கிறவர்களை எடிட் அசிஸ்டென்ட்டுகள் தெய்வமாகக் கும்பிடுவார்கள். அந்த எடிட் அசிஸ்டென்ட்தான் அடுத்த படத்தின் அசோசியேட்டிடம் "அந்தப் பொண்ணு கன்டினியூட்டி ரிப்போர்ட் நீட்டா இருக்கும்" என்று சொல்வான். எனக்கு இரண்டாவது படம் அப்படித்தான் வந்தது, டைரக்டருக்கு அதுவரை என் பேர்கூடத் தெரியாது.

டைரக்‌ஷனே வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்கள் ஆர்ட், காஸ்ட்யூம், சவுண்ட், எடிட்டிங் பக்கம் பாருங்கள், அங்கே கூட்டம் கம்மி. சீரியலை இளக்காரமாக நினைக்காதீர்கள், தினமும் ஷூட்டிங் நடக்கும் இடம் அது, வேகம் பழகிவிடும். சங்க கார்டு பற்றிக் கேட்கிறார்கள். சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் விதியும் கட்டணமும் வேறு. லைட், ஸ்டன்ட் போன்றவற்றில் கார்டு இல்லாமல் நுழைவது கஷ்டம், டைரக்‌ஷனில் முதல் படத்திலேயே கார்டைக் கேட்பது குறைவு.

பணம். அசிஸ்டென்ட் வேலைக்கு உங்களிடம் காசு கேட்டால் அது ஆபீஸே இல்லை, வந்த வழியே திரும்பிவிடுங்கள். சம்பளம் கொஞ்சம்தான் வரும், அதுவும் லேட்டாக வரும், பேட்டா என்கிற தினப்படிதான் பல நாள் சோறு போடும். ஒரு கம்பெனியில் கதை டிஸ்கஷன் முழுக்க உட்கார்ந்து, லொகேஷன் எல்லாம் சுற்றிவிட்டு வந்த பிறகு படம் டிராப் என்றார்கள். பேசிய சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லை, கேட்டால் "அடுத்த படத்துல பாத்துக்கலாம்மா" என்ற பதில். அடுத்த படம் இன்றைக்கு வரைக்கும் ஆரம்பிக்கவில்லை. அதனால் ப்ரீ புரொடக்‌ஷனுக்கும் மாசச் சம்பளம் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. லேடீஸ் ஹாஸ்டல் என்றால் ராத்திரி ஒன்பது, பத்துக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், நைட் ஷூட்டுக்கு அது சரிப்படாது. ஏற்கெனவே இதே வேலையில் இருக்கும் பெண்கள் ரெண்டு மூணு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் இடம் கேளுங்கள், அந்த வீடே ஒரு நெட்வொர்க். அவுட்டோர் போகும் முன் தங்குவதற்குத் தனி ரூம் உண்டா, ராத்திரி திரும்பி வர வண்டி உண்டா என்று மேனேஜரிடம் கேளுங்கள். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார் கமிட்டி இருக்கணும், அதையும் கேளுங்கள். எந்த ஆபீஸில் எப்படி நடத்துவார்கள் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், போய்ச் சேருவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவது என்றும் கேட்கிறார்கள். ஆடியில் பெரும்பாலும் புதுப் படத்துக்குப் பூஜை போட மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆவணியிலும் தையிலும் புதுப் படங்கள் ஆரம்பிக்கும். ஆனால் பூஜைக்கு முன்பே டீமை முடிவு பண்ணிவிடுவார்கள், அதனால் ஆவணி பிறக்கட்டும் என்று ஊரில் காத்திருக்காதீர்கள். ஆடி பாதியில் டிஸ்கஷன் சூடுபிடிக்கும், அப்போதுதான் டைப்பிங்குக்கு ஆள் தேடுவார்கள். அந்தச் சமயத்தில் சாலிகிராமத்தில் இருங்கள், போனில் சார்ஜ் இருக்கட்டும்.