மேகம் பத்து: பட்டியலாக உருப்போடாதீர்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வு முடிவு வந்தாயிற்று, இனி நிம்மதியாக எழுதலாம். மேகமும் நீர்ச் சுழற்சியும் ஒரே இரவில் படித்துவிடக்கூடிய பகுதி. ஆனாலும் மதிப்பெண் இங்கே போகிறது, பத்து மேக வகைகளின் பெயரையும் வரிசையாக உருப்போடுவதால்.

கட்டம் போடுங்கள். மேலிருந்து கீழாக உயரம்: 6 கி.மீ.க்கு மேல், 2 முதல் 6, 2-க்குக் கீழ். குறுக்கே வடிவம்: கீற்று, திரள், படை. லண்டன் மருந்தாளர் லூக் ஹோவர்ட் 1802-ல் முன்வைத்த லத்தீன் சொற்களே அடித்தளம்: சிர்ரஸ் (கீற்று), கியூமுலஸ் (திரள்), ஸ்ட்ரேட்டஸ் (படை), நிம்பஸ் (கார்). லத்தீன் பெயரையும் கட்டாயம் படியுங்கள். தமிழ் வினாவில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி.

பெரிய பொறி 'ஆல்ட்டோ' என்ற முன்னொட்டு. லத்தீனில் உயரம் என்று பொருள், மேகத்தில் அது நடுமட்டம். தமிழில் 'இடைப்பட்ட' என்று தெளிவாகவே இருக்கிறது. உயர்மட்டம் என்றால் பெயரில் கீற்று இருந்தே தீரும்.

கட்டத்துக்குள் அடங்காதவை இரண்டு, இரண்டிலும் 'கார்' உண்டு. கார்திரளின் அடி தாழ்வாக இருக்கும், உச்சி வெப்பமண்டலத்தில் 15 கி.மீ.யையும் தாண்டும். இடியும் ஆலங்கட்டியும் இதன் வேலை. கார்படையை உலக வானிலை அமைப்பு நடுமட்டத்தில் வைக்கிறது, சில நூல்கள் கீழ்மட்டத்தில் வைக்கின்றன. பொருத்துக வினாவில் இதைக் கடைசியாகத் தொடுங்கள்.

அடையாளங்கள்:
- சூரியனைச் சுற்றி ஒளிவட்டம்: கீற்றுப்படை
- தேய்த்த கண்ணாடி வழியே தெரிவதுபோல் மங்கிய சூரியன், தரையில் நிழல் விழாது: இடைப்பட்ட படை
- சூரியனே தெரியாது, விடாத மழை: கார்படை
- கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலுக்குள் மறையும் சிறு துணுக்குகள்: கீற்றுத்திரள். மூன்று விரல் வரை வந்தால் இடைப்பட்ட திரள், அதற்கும் மேல் படைத்திரள்

நீர்ச் சுழற்சியில் படம் எல்லோருக்கும் தெரியும், கூற்று–காரணம் வினாதான் கவிழ்க்கும். மேகம் நீராவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது, நாம் பார்ப்பது நீர்த்துளிகளும் பனிப்படிகங்களும். மேலெழும் காற்று கி.மீ.க்குச் சுமார் 10 டிகிரி குளிரும். மேகம் உருவாகத் தொடங்கியதும் அந்த வேகம் குறையும், ஏனென்றால் நீராவி நீர்த்துளியாகச் சுருங்கும்போது அதில் அடங்கியிருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. மண்ணுக்குள் நீர் நுழைவது ஊடுருவுதல், அடுக்குகள் வழியே நிலத்தடிக்கு இறங்குவது உட்கசிதல்.

சதவீத வினாவில் 'மொத்த நீரில்' என்கிறார்களா, 'நன்னீரில்' என்கிறார்களா என்று இரண்டு முறை பாருங்கள். மொத்த நீரில் நன்னீர் சுமார் 2.5%. அந்த நன்னீரில்தான் பனிக்கட்டி ஏறக்குறைய 69%, நிலத்தடி நீர் 30%.