ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கியது

எட்டு மாதம் முயற்சி செய்தும் நாள் தள்ளிப் போகாததால்தான் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில், தைராய்டு மந்தமானால் ஏறும் டிஎஸ்எச் அளவு 6.8 வந்தது. முடி கொட்டியதையும் மதியத்தில் கண் சொருகியதையும் வேலை அலுப்பு என்றே நினைத்திருந்தேன். குழந்தைக்கு முயற்சிப்பவர்களுக்கு 2.5-க்குள் இருந்தால் நல்லது என்று சொல்லி, தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் 50 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 5.9. "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டதும் சுருக்கென்றது. ஒரு நாள்கூட விட்டதில்லை. டோஸ் 75 ஆனது. பொறுமையில்லாமல் மூன்றாவது வாரமே நானாகப் போய் ரத்தம் கொடுத்தேன், வீண் வேலை. அளவு மாறி, உடம்பு ஒரு நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும். அது முடிந்தும் 5.1.

விஷயத்தைப் பிடித்தவர் ஒரு நர்ஸ். "காலையில் எழுந்ததும் என்னென்ன செய்வீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். அலாரம், தைராய்டு மாத்திரை, கூடவே இரும்புச்சத்து, கால்சியம், பத்து நிமிடத்தில் காபி. மறக்காமலிருக்க எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்குவதைப் பெரிய சாமர்த்தியமாக வேறு நினைத்திருந்தேன். அவர் சிரித்தேவிட்டார். இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபிக்கும் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம். மூன்று மாதம் நான் போட்ட மாத்திரையில் பாதி எங்கே போனதோ!

டப்பாவை இரண்டாக்கினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் 2.1.

இதற்கு நடுவே கருமுட்டை வெளியான பிறகு போட, கருப்பையைக் கர்ப்பத்துக்குத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் சேர்ந்தது. அது பொல்லாதது. மார்பு கனக்கும், தூக்கம் தள்ளும், நாளும் தள்ளிப் போகும். முதல் மாதம் குளியலறையில் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரே கோடு. எல்லாம் மாத்திரை செய்த வேலை.

இன்னும் காத்திருக்கிறோம். இரண்டு கோடு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இருக்காமல் அன்றைக்கே போன் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தொடக்க வாரங்களில் குழந்தைக்கும் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் என்பதால் என் டோஸ் அப்போது உடனே கூடுமாம். 'வாரத்துக்கு 7 தைராய்டு மாத்திரை அல்ல, 9' என்று அவர் எழுதிய சீட்டை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.