சிப்புக்குள் பூட்டிய திறன்

சிப் சரிபார்ப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வடிவமைத்த சிப் சொன்னபடி இயங்குகிறதா என்று சோதிப்பது எங்கள் பொறுப்பு. அதில் என்னை மிகவும் உறுத்தியது, நன்றாக இயங்கும் ஒரு பகுதியை அணைத்துவிட்டு, அது அணைந்தே கிடக்கிறதா என்று சோதித்த வேலைதான்.

இதில் நியாயமான பக்கமும் உண்டு. ஒரே வேஃபரிலிருந்து, அதாவது ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து, வெட்டியெடுக்கும் சிப்கள் எல்லாம் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒரு சிப்பில் கணக்கிடும் பகுதிகளான எட்டு கோர்களில் இரண்டு பழுதானால், அவற்றை முடக்கி ஆறு கோர் சிப்பாக விற்பது நல்ல சிக்கனம். ஆனால் பழுதே இல்லாத சிப்பில் ஃபியூஸ் எனும் நுண்ணிய இணைப்பை எரித்து ஒரு வசதியை மூடுவது வேறு. 2010-இல் இன்டெல் இதை வெளிப்படையாகவே செய்து பார்த்தது. பென்டியம் சிப் ஒன்றை வாங்கியவர் மேலும் 50 டாலருக்கு ஓர் அட்டை வாங்கி, அதிலுள்ள குறியீட்டை உள்ளிட்டால், சிப்பில் ஏற்கெனவே இருந்த கூடுதல் கேச் எனும் வேக நினைவகம் திறந்துகொள்ளும்! கடும் கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இப்படிச் செய்யும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்றால், எதிரில் போட்டிக்கு ஆள் இல்லாததிலிருந்து. 2011-இல் இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் புல்டோசர் சிப் எடுபடவில்லை. அதன்பின் 2017 தொடக்கத்தில் வந்த 7700கே சிப் வரை, இன்டெலின் வழக்கமான மேசைக்கணினி வரிசை நான்கு கோர்களைத் தாண்டவில்லை. எட்டு கோர் வேண்டுமென்றால் ஏறத்தாழ ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ. அந்த மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் ரைசன் சிப்பை 499 டாலருக்கு இறக்கியது. அக்டோபரிலேயே இன்டெலிடமிருந்து ஆறு கோர் வந்தது, மறு ஆண்டு எட்டு. இரண்டுமே அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு நுட்பத்தில்தான்! அதைவிட நுண்ணிய 10 நானோமீட்டர் நுட்பத்துக்குப் போவதில் உண்மையான பொறியியல் சிக்கல்கள் இருந்தன, மறுக்கவில்லை. கோர்களைக் கூட்டுவதற்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

நான் இருந்த நிறுவனத்திலும், சோதித்துத் தயாராக இருந்த மேம்பாடுகள் "அடுத்த தலைமுறையில் விற்க ஏதாவது வேண்டாமா?" என்ற கேள்வியோடு தள்ளிப்போயின. அதற்காக இரவு பகலாக உழைத்த சக பொறியாளர்களின் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். திறமைக்கு அங்கே பஞ்சமே இருந்ததில்லை.

ஒரு நிறுவனத்தை மட்டும் குறைசொல்வதும் சரியல்ல. முன்னிலைக்கு வந்த அதே ஏஎம்டி, 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசையை வெளியிட்டபோது, முந்தைய தலைமுறையின் இணையான சிப்களைவிட ஒவ்வொன்றுக்கும் 50 டாலர் கூட்டியது.