அலையில்லாத இடம்

செப்டெம்பர் 21

அம்மாவின் வலக்கண் கட்டை அவிழ்த்தாயிற்று. சொட்டு மருந்து நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. குனியக் கூடாது, முகம் கழுவக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கண் திறந்ததும் அவ கேட்ட முதல் கேள்வி: "இந்தச் சுவர் எப்ப இப்பிடி மஞ்சளாப் போனது?"

செப்டெம்பர் 23

இன்றைக்கு எழுத ஏலாது.

செப்டெம்பர் 24

நேற்று நாலு மணிச் சொட்டைப் போட்டுவிட்டு உப்புவெளிக்கு நடக்கப் போனேன். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்தேன். ஹற்றன் பக்கத்திலிருந்து வான் ஒன்றில் வந்த பெடியன்கள் நாலு பேர். ஜீன்ஸை முழங்கால்வரை மடித்துவிட்டு, ஒவ்வொரு அலைக்கும் கத்திக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தள்ளி கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு ஜேர்சி போட்டவன் மட்டும் உள்ளே போயிருந்தான். நான் பார்த்தபோது முகம் மட்டும்தான் தெரிந்தது, வானத்தைப் பார்த்தபடி. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமத்திக்கொண்டிருந்தன. மல்லாந்து மிதந்து விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவனுடைய கூட்டாளியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கத்தவே இல்லை அந்தப் பிள்ளை. ஒரு சத்தமும் இல்லை.

கத்தியது கரைவலைக்காரர் ஒருவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கயிற்றை விட்டுவிட்டு, மணலில் கிடந்த குடிதண்ணீர்க் கானைத் தூக்கினார். பெரிய வெள்ளைக் கான், பாதிக்குத் தண்ணீர். அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே ஓடினார்.

நேரே பாயவில்லை. கரையோடு கொஞ்சத் தூரம் ஓடி, அலை உடைகிற பக்கத்தால் இறங்கினார். கிட்டப் போனதும் பெடியனைப் பிடிக்கவில்லை, பிடிக்க விடவும் இல்லை. கானை மட்டும் தள்ளிக் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் சாம்பல்தீவுப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனார்கள். எங்கே போகிறார்கள், ஏன் கரைக்கு வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு அலை தூக்கி எறிந்தமாதிரி இருவரையும் மணலில் கொண்டுவந்து விட்டது.

யாரோ வயிற்றை அமத்தி தண்ணியை எடுக்கப் போனார்கள். "விடு, வயித்தைத் தொடாத" என்று ஏசிவிட்டு அவரே பெடியனைச் சரித்துப் படுக்க வைத்தார். இருமினான். சத்தி எடுத்தான். இருமினான். 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னார்கள். போன் என் கையில்தான் இருந்தது. "நம்பர் என்ன?" என்று கேட்டேன். அவர்கள் நம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீடியோ எடுத்தவன் போனைத் தண்ணீரில் போட்டுவிட்டான். என்னுடையதை வாங்கி ஊருக்கு எடுத்தான். 051இல் தொடங்குகிற நம்பர். பதில் இல்லை.

செப்டெம்பர் 25

காலைச் சொட்டு எட்டு மணிக்கு. நினைவு வந்தது ஒன்பது இருபதுக்கு.

செப்டெம்பர் 26

நித்திரை இல்லை, இரவிரவாகப் போனில் வாசித்தேன். மூழ்குகிற ஆள் கத்த மாட்டாராம். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கணத்தில் மூச்சு எடுக்கத்தான் நேரம் காணும், கூப்பிட நேரம் இல்லை. கையைத் தூக்கிக் காட்டவும் முடியாது, அது தானாகவே தண்ணீரை அமத்திக்கொண்டிருக்கும். இருபது விநாடியிலிருந்து ஒரு நிமிடம்வரை, அவ்வளவுதான் அவகாசம். அந்த வீடியோ எத்தனை விநாடி ஓடியிருக்கும்?

அலைகள் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் ஒடுங்கிய ஒரு வழியால் திரும்பிப் போகும். அந்த வழி ஆழம், அதனால் அங்கே அலை உடையாது. கரையிலிருந்து பார்த்தால் அமைதியாக, வடிவாக, குளம் மாதிரி இருக்கும். விநாடிக்கு இரண்டு மீற்றருக்கும் மேலே போகுமாம் சில இடங்களில், ஒலிம்பிக்கில் நீந்துகிறவராலும் எதிர்த்து வர ஏலாது. எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாக நீந்தி அந்த வழியை விட்டு விலக வேண்டும். சாம்பல்தீவுப் பக்கம் ஏன் போனார் என்று இப்போதுதான் விளங்குகிறது.

இதையெல்லாம் வாசித்து என்ன. அவங்கள் என்னிடம் கேட்டார்கள். வானிலிருந்து இறங்கி நேரே என்னிடம்தான் வந்தார்கள். "அக்கா, எந்தப் பக்கம் எறங்கலாம்?"

நான் போனிலிருந்து முழுதாகத் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. கையைக் காட்டினேன். "அங்க அலை இல்லைத்தானே."

செப்டெம்பர் 27

அம்மா புதுக் கண்ணால் என்னையே பார்க்கிறா. "உனக்கு என்ன, முகம் விழுந்துபோய் கிடக்கு?" ஒன்றுமில்லை என்றேன். கடல் என்று வாய் திறந்தால் வீட்டில் கடல்கதை முழுக்க வரும். 2004க்குப் பிறகு கோணேசர் கோயிலுக்குப் போனாலும் அவ கீழே எட்டிப் பார்ப்பதில்லை. மலை உச்சியில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துக் கும்பிடுகிற ஒரே ஆள் அம்மாதான்.

செப்டெம்பர் 28

051. கோல் லிஸ்ட்டில் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. நானே தேடி மேலே கொண்டுவருகிறேன்.

செப்டெம்பர் 29

சந்தையில் புதுக் கான் ஒன்று வாங்கிக்கொண்டு அந்தக் கரைவலைக்காரரின் வாடிக்குப் போனேன். அவருடையது கடலோடு போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "அது அடுத்த நாளே கரையில கிடந்தது பிள்ளை." காட்டினார். மூடி இன்னும் இறுக்கமாகவே இருந்தது. நானாக இருந்தால் அந்த மூடியை நினைத்திருக்கவே மாட்டேன். எத்தனை தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தரமும் திறந்த கானோடுதான் ஓடுகிறேன்.

அன்றைக்கு வலையில் என்ன கிடைத்தது என்று கேட்டேன். ஆட்கள் கயிற்றை விட்டதால் மீன் போயிருக்கும் என்று ஒரு கவலை. "சூடை கொஞ்சம். எண்டாலும் வாற நாள் வரும்தானே."

பிறகு கடலைக் காட்டினார். அங்க பார், நுரை வெளியால போகுது, தண்ணி கலங்கின நிறம், அதுதான் இழுக்கிற இடம். வெளியூர்ப் பெடியளுக்கு என்ன தெரியும், கரையில நிக்கிற ஆக்கள்தான் சொல்ல வேணும் என்றார். நான் தலையாட்டினேன். தேத்தண்ணி தந்தார்கள், இரண்டு கோப்பை குடித்தேன்.

ஒக்டோபர் 1

கான் குசினியில் நிற்கிறது. அவர் வாங்க மறுத்துவிட்டார். ஏன் வாங்கினாய் என்று அம்மா மூன்று தரம் கேட்டுவிட்டா.

ஒக்டோபர் 2

தூறல். பத்திரகாளி கோயில் பக்கம் மான் ஒன்று சொப்பிங் பேக்கைச் சப்பிக்கொண்டு நின்றது. துரத்தினேன். பேக்கோடுதான் போனது.

ஒக்டோபர் 3

051. சொட்டுப் போடுகிற நேரம். ஒரு கையில் மருந்து, மற்றக் கையில் அம்மாவின் இமை. அடித்து ஓய்ந்தது. திருப்பி எடுக்கவில்லை.

ஒக்டோபர் 5

மற்றக் கண்ணுக்குத் திகதி தந்திருக்கிறார்கள், அடுத்த மாதம்.

மத்தியானம் திரும்பவும் 051. எடுத்தேன். ஒரு பெண், வயது தெரியாத குரல், பின்னால் கோழிகள். பையன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்துவிட்டானாம், நெஞ்சில் சளி மட்டும் இருக்கிறதாம், சாப்பிடுகிறானாம். "நீங்கதான் போன் குடுத்த அக்காவா?"

ஓம் என்றேன்.

"ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றா. அழுதா. பின்னால் அவன் ஏதோ சொன்னது கேட்டது, சொல் பிடிபடவில்லை. போனை அவனிடம் கொடுக்கவா என்று கேட்டா.

அம்மா உள்ளே கூப்பிட்டா, நாலு மணியாம். நாலாகவில்லை, மூன்றரைதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு