தடைக்காலத்தில் வஞ்சிரம்

"வஞ்சிரம் வேணாம் தம்பி, அது ஐஸ்ல கிடந்தது. கானாங்கெளுத்தி எடுத்துக்குங்க, காலையில வந்தது."

விற்கிறவரே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வேளாங்கண்ணி கடற்கரைக்குப் போகிற வழியில் வரிசையாக இருக்குமே வறுவல் கடைகள், அதில் ஒன்றில் நேற்று. தட்டுத் தட்டாக சிவப்பு மசாலா தடவிய மீன். அந்த மசாலாவுக்குள் எது பழசு எது புதுசு என்று யார் கண்டுபிடிப்பது? அந்த அக்கா மசாலா படாத ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, செவுளை விரலால் விரித்துக் காட்டினார். நல்ல ரத்தச் சிவப்பு. கண்ணும் மங்காமல் பளபளவென்று இருந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் இனப்பெருக்கக் காலம். ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய்க் கொண்டுவருவதுதான் இப்போது உள்ளூர்ப் புது மீன். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அங்கிருந்தும் லாரியில் வரும்.

நாமோ எந்த மாசமானாலும் உட்கார்ந்ததும் வஞ்சிரம்தான் கேட்போம், கடலில் வேறு மீனே இல்லாத மாதிரி. கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார், எங்கிருந்தாவது வாங்கி வைக்கத்தானே வேண்டும்?

கானாங்கெளுத்தியே சொன்னோம். தோல் மொறுமொறுப்பு, உள்ளே எண்ணெய்ப் பசையோடு அப்படி ஒரு ருசி. பையனுக்கு முள் எடுத்துக் கொடுப்பதற்குள் என் தட்டில் பாதியை அவன் அம்மா முடித்துவிட்டாள். சரி, இன்னொரு தட்டு.

மே மாசம் அந்தப் பக்கம் போகிறவர்கள் மெனுவைப் பார்க்காதீர்கள். இன்றைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள்.